விலங்குலகில் தலைமை

நுழையும் முன்

வகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் ஊரிலும் நாட்டிலும் தலைவர் ஒருவர் தேவைப்படுகிறார். வலிமை மிக்கவரே தலைவர் ஆகலாம் என்பது பலரின் எண்ணம். காட்டு விலங்குகளும் அப்படித்தான் வாழ்கின்றன என்று அவர்கள் சான்றும் காட்டுவர. காட்டில் உண்மையில் நடப்பது என்ன என்பதை அறிவியலாளர் பல்லாண்டுகள் கவனித்து எழுதியுள்ளனர். அவர்கள் கண்டவற்றை இப்பாடம் கூறுகிறது.

பழைய வழக்கமும் புதிய துறையும்

பிற உயிர்களைப் பார்த்து வாழ்க்கைக்கு வேண்டிய அறிவைத் தேடுவது மனிதரின் பழைய வழக்கம். திருவள்ளுவர் காலம் அறிந்து செயலாற்றுவதை விளக்கக் காக்கையையும் கொக்கையும் உவமையாக்கினார். பஞ்சதந்திரக் கதைகளில் சிங்கமும் நரியும் எருதும் அரசியல் பேசின. ஆயினும் கதைகளில் வரும் விலங்குகள் மனிதக் குணங்களைப் பூண்டவை. சிங்கம் அரசனாகவும் நரி சூழ்ச்சிக்காரனாகவும் நின்றதற்குக் கதை சொன்னவரின் கற்பனையே காரணம்.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வழி பிறந்தது. உயிரினங்கள் வாழும் இடத்திற்கே சென்று, பல ஆண்டுகள் பொறுமையுடன் கவனித்து, கண்டதைக் கண்டவாறே குறித்து வைக்கும் துறை வளர்ந்தது. அதனை விலங்கு நடத்தையியல் என்பர். இத்துறையின் முன்னோடிகளான கார்ல் வான் ஃபிரிஷ், கான்ராட் லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகிய மூவருக்கும் 1973 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துறையினர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று தலைமை பற்றியது. ஒரு கூட்டம் ஓரிடத்தை விட்டுப் புறப்படும்போது முதலடி வைப்பது எது? மற்றவை அதனைப் பின்தொடர்வது ஏன்? இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் பலரையும் வியக்க வைத்தன.

ஓநாய்: ஒரு பிழையும் அதன் திருத்தமும்

1947 ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஷெங்கல் என்னும் ஆய்வாளர் ஓநாய்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகர விலங்குக் காட்சிச் சாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை அவர் கவனித்திருந்தார். அவை ஒன்றோடொன்று மோதின. வென்றது மேலே நின்றது. தோற்றது அடங்கிக் கிடந்தது. ஓநாய்க் கூட்டத்தில் சண்டையிட்டு வெல்லும் விலங்கே தலைமை பெறும் என்னும் கருத்து இவ்வாறு பரவத் தொடங்கியது.

அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970 ஆம் ஆண்டில் ஓநாய்களைப் பற்றி எழுதிய நூலும் இக்கருத்தைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. ஓநாய்க் கூட்டத்தின் தலைமை விலங்கைக் குறிக்க 'ஆல்ஃபா' என்னும் சொல் புழங்கலாயிற்று. நாளடைவில் அச்சொல் மனிதருக்கும் தாவியது. பிறரை அடக்கி மேலே நிற்பவரே தலைவர் என்று கூற விரும்பியோர் ஓநாயைத் துணைக்கு அழைத்தனர்.

டேவிட் மெக் தம் ஆய்வை அத்துடன் நிறுத்தவில்லை. 1986 ஆம் ஆண்டு முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குக் கோடைதோறும் சென்று, மனிதரைக் கண்டு அஞ்சாத ஓநாய்க் கூட்டம் ஒன்றை மிக அருகிலிருந்து கவனித்தார். அங்கே தலைமைப் பதவிக்கான போர் எதுவும் நடக்கவில்லை. அவர் கண்டது ஒரு குடும்பம். தாயும் தந்தையும் முன் சென்றன. அவற்றின் குட்டிகள் பின் சென்றன. குட்டிகள் வளர்ந்ததும் பிரிந்து சென்று, இணை தேடித் தமக்கெனக் குடும்பம் அமைத்துக்கொண்டன. பெற்றோர் என்பதனாலேயே மூத்த ஓநாய்கள் முன் நின்றன.

அப்படியானால் காட்சிச் சாலையில் மோதல் எழுந்தது ஏன்? உறவற்ற ஓநாய்களை ஒரே அடைப்பிற்குள் சேர்த்திருந்தனர். காட்டில் ஒத்துப்போகாத ஓநாய் விலகிச் சென்றுவிடலாம். கூண்டிற்குள் விலக வழியில்லை. நெருக்கடியில் பிறந்த நடத்தையை ஓநாயின் இயல்பு என்று உலகம் தவறாக எண்ணிவிட்டது.

1999 ஆம் ஆண்டில் டேவிட் மெக் இவ்வுண்மையைக் கட்டுரையாக வெளியிட்டார். தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டா என்று பதிப்பகத்தாரிடமும் பலமுறை வேண்டினார். 2022 ஆம் ஆண்டில் அந்நூலின் அச்சு நின்றது. நன்றாக விற்ற தம் நூலிலேயே பிழை இருப்பதாக ஊரறியச் சொல்வது எளிதன்று. ஓநாயின் வாழ்க்கை ஒரு பாடம் என்றால், அதனை ஆராய்ந்தவரின் நேர்மை மற்றொரு பாடம்.

யானை: நினைவே வழிகாட்டி

யானைக் கூட்டத்தைப் பெண் யானைகள் நடத்துகின்றன. ஆண் யானைகள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் பிரிகின்றன. தாய்மாரும் மகள்களும் கன்றுகளும் சேர்ந்து வாழும் குடும்பத்திற்குப் பெரும்பாலும் வயதில் மூத்த பெண் யானை தலைமை தாங்குகிறது. கென்யா நாட்டின் அம்போசெலி பகுதியில் சிந்தியா மாஸ் என்னும் ஆய்வாளர் 1972 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, யானைகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது.

மூத்த யானையின் பயன் எளிய நாள்களில் தெரிவதில்லை. நீரும் புல்லும் நிறைந்திருக்கும்போது எந்த யானை முன் சென்றாலும் கூட்டம் பிழைத்துக்கொள்ளும். வறட்சி வரும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

1993 ஆம் ஆண்டில் தான்சானியா நாட்டின் தரங்கிரே தேசியப் பூங்காவில் கடும் வறட்சி ஏற்பட்டது. ஆய்வாளர்கள் கவனித்து வந்த 81 கன்றுகளுள் 16 கன்றுகள் ஒன்பது மாதங்களுக்குள் இறந்தன. அப்பகுதியின் யானைகள் சில பெருங்குழுக்களாக வாழ்ந்தன. அவற்றுட் சில பூங்காவை விட்டு வெளியேறி, நீரும் உணவும் தேடித் தொலைவிற்குச் சென்றன. ஒரு குழு பூங்காவிலேயே தங்கியது. தங்கிய குழுவே மிகுதியான கன்றுகளை இழந்தது.

வெளியேறிய குழுக்களில் முதிய பெண் யானைகள் இருந்தன. அதே பகுதியில் 1958 முதல் 1961 வரை நிலவிய கொடிய வறட்சியைத் தம் இளமையில் கண்டவை அவை. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாய் யானைகள் தம்மை அழைத்துச் சென்ற வழியை அவை நினைவில் வைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தங்கிய குழுவில் அத்தகைய முதிய யானைகள் குறைவு. தந்தத்திற்காக ஒரு மூத்த யானையைக் கொல்பவர் ஓர் உயிரை மட்டும் அழிப்பதில்லை. ஒரு கூட்டத்தின் நினைவையும் சேர்த்தே அழிக்கின்றனர்.

அம்போசெலியில் நடந்த மற்றோர் ஆய்வும் இதனை வலியுறுத்துகிறது. ஆய்வாளர்கள் சிங்கங்களின் முழக்கத்தை ஒலிபெருக்கி வழியே யானைகள் கேட்கச் செய்தனர். யானைக் கன்றுக்குப் பெண் சிங்கத்தை விட ஆண் சிங்கத்தால் வரும் ஆபத்து மிகுதி. அறுபது வயதைக் கடந்த தலைமை யானைகள் ஆண் சிங்கத்தின் முழக்கத்தை உடனே பிரித்தறிந்து, கூட்டத்தை நெருக்கமாகத் திரட்டின. இளைய தலைமை யானைகள் அவ்வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணரவில்லை. இவ்வாய்வின் முடிவுகள் 2011 ஆம் ஆண்டில் வெளியாயின.

இந்திய யானைகளும் பெண் யானைகளை மையமாகக் கொண்ட கூட்டங்களாகவே வாழ்கின்றன. எனினும் ஆப்பிரிக்க யானைகளின் குடும்பங்களை விட இவற்றின் கூட்டங்கள் சிறியவை. அடிக்கடி பிரிந்து சேர்பவை. 2010 ஆம் ஆண்டில் நடுவண் அரசு யானையைத் தேசிய மரபு விலங்காக அறிவித்தது.

தேனீ: கேட்டு முடிவெடுத்தல்

தேன்கூட்டில் இராணித் தேனீ இருக்கிறது. இராணி என்னும் பெயரைக் கேட்டதும் அது ஆணையிடும் என்றும் மற்றவை பணியும் என்றும் தோன்றும். உண்மையில் இராணித் தேனீயின் தலையாய பணி முட்டையிடுதலே. கூட்டின் வாழ்வையே தீர்மானிக்கும் ஒரு பெரிய முடிவில் அதற்குப் பங்கு எதுவும் இல்லை. புதிய வீட்டைத் தேர்ந்தெடுத்தல்தான் அம்முடிவு.

கூட்டில் நெருக்கம் மிகும்போது, பழைய இராணி ஏறத்தாழப் பத்தாயிரம் வேலைக்காரத் தேனீக்களுடன் வெளியேறுகிறது. அக்கூட்டம் மரக்கிளை ஒன்றில் கொத்தாகத் தொங்குகிறது. அதிலிருந்து சில நூறு சாரணத் தேனீக்கள் நாற்புறமும் பறந்து, பொந்துகளைத் தேடுகின்றன. திரும்பி வந்த சாரணத் தேனீ, கொத்தின் மேற்பரப்பில் அசைந்து அசைந்து நடனமாடுகிறது. நடனத்தின் திசை பொந்து இருக்கும் திசையைக் காட்டும். அசையும் நேரம் தொலைவைக் காட்டும். இந்நடன மொழியைப் படித்தறிந்தவர் கார்ல் வான் ஃபிரிஷ். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர், இதே மொழியைத் தேனீக்கள் வீடு தேடவும் பயன்படுத்துவதைக் கண்டறிந்தார். 1949 ஆம் ஆண்டில் மியூனிக் நகரில், கிளையில் தொங்கிய தேனீக் கொத்து ஒன்றை அவர் பார்த்தார். நடனமாடிய தேனீக்கள் சிலவற்றின் மேல் கரியும், சிலவற்றின் மேல் செங்கற்பொடியும், சிலவற்றின் மேல் மாவும் படிந்திருந்தன. பூவில் தேனெடுத்த தேனீ இவ்வாறு அழுக்காகியிராது என்று அவர் சிந்தித்தார். அவை புகைபோக்கிகளிலும் போரில் இடிந்த சுவர்களிலும் வீடு தேடி அலைந்து வந்தவை என்பது பின்னர் உறுதியாயிற்று.

ஒரே நேரத்தில் பல சாரணத் தேனீக்கள் பல இடங்களைப் பற்றிச் செய்தி கொண்டு வருகின்றன. நல்ல இடத்தைக் கண்ட தேனீ நெடுநேரம் ஆடுகிறது. ஓரளவே நல்ல இடத்தைக் கண்டது சிறிது நேரம் ஆடி ஓய்கிறது. நடனத்தைக் கண்ட மற்றொரு சாரணத் தேனீ அதனை அப்படியே நம்பிவிடுவதில்லை. அவ்விடத்திற்குத் தானே பறந்து சென்று, உள்ளே நடந்து அளந்து பார்த்த பின்னரே தன் நடனத்தைத் தொடங்குகிறது. மேலும், எந்தத் தேனீயும் தன் கருத்தையே பிடித்துக்கொண்டு இறுதி வரை ஆடுவதில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் நடனம் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். ஆகவே நல்லதல்லாத இடத்திற்கான ஆதரவு தானாகவே மறைகிறது. நல்ல இடத்திற்கான ஆதரவு பெருகுகிறது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது சாரணத் தேனீக்கள் கூடியதும் முடிவு எட்டப்படுகிறது. அவை திரும்பி வந்து மற்றத் தேனீக்களைத் தூண்ட, கொத்து முழுவதும் உடலைச் சூடேற்றிக்கொண்டு ஒருங்கே எழும்பிப் பறக்கிறது. இராணியும் கூட்டத்தோடு கூட்டமாகச் செல்கிறது.

இம்முறை நல்ல முடிவைத் தருகிறதா? தாமஸ் சீலி என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதனைச் சோதித்தார். மரங்கள் அரிதான ஒரு தீவில் அவர் ஐந்து பெட்டிகளை வைத்தார். அவற்றுள் ஒன்று மட்டும் தேனீக்கள் விரும்பும் அளவான நாற்பது லிட்டர் கொள்ளளவு உடையது. மற்ற நான்கும் சிறியவை. ஐந்து முறை நடந்த சோதனையில் நான்கு முறை தேனீக்கள் சிறந்த பெட்டியையே தேர்ந்தெடுத்தன. ஐந்து பெட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த தனித்தேனீ எதுவுமில்லை. ஒப்பிட்டது கூட்டத்தின் அறிவு.

மேல் கீழ் என்னும் அடுக்குமுறை வலுவாக உள்ள குரங்குக் கூட்டத்திலும் இதனை ஒத்த செய்தி கிடைத்துள்ளது. கென்யாவில் பபூன் குரங்குக் கூட்டம் ஒன்றில் 25 குரங்குகளுக்கு இருப்பிடங்காட்டும் கழுத்துப்பட்டைகளை அணிவித்து ஆய்வாளர்கள் கவனித்தனர். உணவிலும் இணையிலும் முதலிடம் பெறும் வலிய ஆண் குரங்கு புறப்பட்டால் மற்றவை பின்தொடரும் என்று எதிர்பார்த்தனர். ஆனால் புறப்படுவது எந்தக் குரங்கு என்பதை விட, எத்தனை குரங்குகள் அத்திசையை விரும்புகின்றன என்பதே கூட்டத்தின் வழியைத் தீர்மானித்தது. இரு திசைகளும் சற்றே வேறுபட்டால் கூட்டம் நடுவழியில் சென்றது. பெரிதும் வேறுபட்டால் பெரும்பான்மையின் பக்கம் சென்றது. 2015 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, அடக்கி ஆளுதலும் வழிநடத்துதலும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாக்கியது.

வலசைப் பறவை: சுமையைப் பகிர்தல்

குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத்து முதலிய இடங்களிலிருந்து இமயமலையைக் கடந்து இந்தியாவிற்கு வருகின்றன. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் வரையிலும் அவை வந்து தங்குகின்றன. இவ்வாத்துகளுள் சில ஏழாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பறந்ததைக் கருவிகள் பதிவு செய்துள்ளன. காற்று மிக மெலிந்த அவ்வுயரத்தில் ஒவ்வொரு சிறகடிப்பும் கடுமையான உழைப்பாகும்.

வாத்து முதலிய பெரிய பறவைகள் தொலைதூரம் செல்லும்போது அம்பின் முனை போன்ற அணிவகுப்பில் பறக்கின்றன. பறவை சிறகடிக்கும்போது சிறகின் நுனிக்கு அப்பால் காற்று மேல்நோக்கி எழுகிறது. பின்னால் சற்றுப் பக்கவாட்டில் வரும் பறவை அவ்வெழுச்சியில் மிதந்து, தன் ஆற்றலைச் சேமிக்கிறது. முன் செல்லும் பறவைக்கு இவ்வுதவி கிடைப்பதில்லை. ஆகவே அணியில் மிகுதியாக உழைப்பது முதலிடத்தில் இருக்கும் பறவையே.

அவ்விடத்தை ஏற்பது எது? ஐரோப்பாவில் இயற்கைச் சூழலில் அற்றுப்போயிருந்த வழுக்கைத்தலை அரிவாள் மூக்கன்களை வளர்த்து, சிறு வானூர்தியின் துணையுடன் அவற்றுக்கு வலசைப் பாதையைக் கற்பிக்கும் திட்டம் ஒன்று ஆஸ்திரியாவில் நடைபெறுகிறது. அப்பறவைகள் பதினான்கின் மேல் நுண்கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் அளந்தனர். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள் இரண்டு செய்திகளைத் தந்தன. பின்வரும் பறவை, முன் பறவையின் சிறகடிப்பிற்கு ஏற்பத் தன் சிறகடிப்பை அமைத்துக்கொள்கிறது. மேலும், பறவைகள் மாறி மாறி முதலிடத்தை ஏற்கின்றன. ஒரு பறவை மற்றொன்றின் பின்னால் எவ்வளவு நேரம் பயன் பெற்றதோ, ஏறத்தாழ அவ்வளவு நேரம் அதற்கு முன்னால் பறந்து கைம்மாறு செய்தது. எப்போதும் பின்னாலேயே இருந்து நலம் பெற முயன்ற பறவை அக்கூட்டத்தில் காணப்படவில்லை.

முதலிடம் இங்கே ஒரு பெருமையாக இல்லை. முறை வைத்து ஏற்க வேண்டிய சுமையாக இருக்கிறது. களைத்தபோது பின்னே வருவதும், தேறியபோது முன்னே செல்வதும் அப்பறவைகளுக்கு இயல்பாக உள்ளன.

மீர்கட்: கற்பிக்கும் பொறுமை

ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் மீர்கட் என்னும் சிறு விலங்குகள் வளைகளில் கூட்டமாக வாழ்கின்றன. கீரிக் குடும்பத்தைச் சேர்ந்த இவற்றின் உணவுகளுள் தேளும் ஒன்று. கொடுக்கில் நஞ்சுள்ள தேளைப் பிடித்துண்ணக் குட்டிக்கு எப்படித் தெரியும்?

மூத்த மீர்கட்டுகள் அதனைப் படிப்படியாகக் கற்பிக்கின்றன. மிக இளைய குட்டிக்கு இறந்த தேளைக் கொடுக்கின்றன. சற்று வளர்ந்த குட்டிக்குக் கொடுக்கை நீக்கிய உயிருள்ள தேளைக் கொடுக்கின்றன. நன்கு வளர்ந்த பின் முழுத் தேளையே முன்னால் விடுகின்றன. தேள் தப்பி ஓடினால், அதனை மீட்டுக் குட்டியிடமே மறுபடியும் தள்ளுகின்றன. குட்டி தேளைக் கையாளும்போது அருகிலேயே நின்று பார்க்கின்றன.

மூத்தவை நேரத்தில் இதனைத் தாமே தின்றுவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தேள் பிடிக்கத் தெரியாமலே போகும். 2006 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, மனிதரல்லாத விலங்குகளிலும் கற்பித்தல் உண்டு என்பதற்குச் சிறந்த சான்றாகக் கருதப்படுகிறது.

மீர்கட்டுகளின் காவல் முறையும் அறியத்தக்கது. மற்றவை மண்ணைத் தோண்டி இரை தேடும்போது, ஒன்று மட்டும் உயரமான இடத்தில் ஏறி நின்று வானையும் நிலத்தையும் நோக்குகிறது. பசியோடு இருப்பது காவலுக்கு ஏறுவதில்லை. வயிறு நிறைந்ததே காவலை ஏற்கிறது. இயன்றவர் இயலும்போது பொதுப்பணியை ஏற்பது என்னும் நடைமுறை அங்கே காணப்படுகிறது.

எச்சரிக்கையுடன் கற்றல்

இச்செய்திகளைப் படிப்போர் ஒன்றை மறத்தல் கூடாது. விலங்குகள் மனிதருக்குப் பாடம் கற்பிப்பதற்காக வாழ்வதில்லை. அவற்றின் நடத்தை, பிழைத்தலும் இனம் பெருக்குதலும் என்னும் தேவைகளால் நெடுங்காலமாக உருவானது. மேலே பாராட்டப்பட்ட மீர்கட் கூட்டத்திலேயே, தலைமைப் பெண் விலங்கு மற்றப் பெண் விலங்குகளைத் துரத்துவதும் அவற்றின் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. இயற்கையில் இருப்பதனாலேயே ஒரு செயல் பின்பற்றத் தக்கது ஆகிவிடாது. எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்று தேர்ந்தெடுக்கும் அறிவு மனிதருக்கே உரியது.

பரவும் செய்திகளை ஆராயாமல் நம்புவதும் தவறு. பனியில் ஓநாய்கள் வரிசையாக நடந்து செல்லும் படம் ஒன்று சமூக ஊடகங்களில் பரவியது. முதுமையும் நோயும் உற்றவை முன்னே செல்கின்றன என்றும், தலைவன் எல்லாரையும் காத்தபடி கடைசியில் வருகிறான் என்றும் அதன் கீழ் எழுதியிருந்தனர். கருத்து இனிமையானது, ஆனால் உண்மையன்று. அப்படம் கனடாவில் ஓர் ஆவணப்படத்திற்காக எடுக்கப்பட்டது. ஆழ்ந்த பனியில் வலிமையுள்ள ஓநாய் முன் சென்று வழியமைக்க, மற்றவை அதன் அடிச்சுவட்டில் நடந்து ஆற்றலைச் சேமிக்கின்றன என்பதே உண்மை. பொய்யான கதையை விட இவ்வுண்மையில் கற்க வேண்டியது மிகுதி.

நிறைவாக

ஓநாய்த் தாய் தந்தையர், முதிய யானை, சாரணத் தேனீ, முன் பறக்கும் பறவை, தேளைக் கொண்டு வரும் மீர்கட் ஆகிய இவற்றிடையே பொதுவாக உள்ளது எது? வளர்த்தல், நினைவில் வைத்திருத்தல், தேடிச் சென்று கண்டதை நேர்மையாக அறிவித்தல், சுமையை முறைப்படி ஏற்றல், கற்றுக்கொடுத்தல் ஆகிய பணிகளே இவற்றை முன்னிலையில் நிறுத்துகின்றன. முன்னிலையில் நிற்பது எதுவாயினும், அதனால் கூட்டம் ஏதேனும் ஒரு நன்மை பெறுகிறது.

பள்ளியில் அணித்தலைவர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படும்போது இச்செய்தி பொருந்தும். புதிதாக அணியில் சேர்ந்தவருக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுத்தருபவர் யார்? பிறர் சொல்வதைக் கேட்ட பின் முடிவு கூறுபவர் யார்? தோற்ற ஆட்டத்தில் தம் பிழையை முதலில் ஒப்புக்கொள்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையாக வருபவர் உரத்த குரல் உடையவராக இல்லாமலும் இருக்கலாம். தலைமைப் பட்டையை அணிவதற்கு முன்பே தலைமைக்குரிய பணியை அவர் செய்துகொண்டிருப்பார்.

அருஞ்சொற்பொருள்

நடத்தையியல் – உயிர்கள் நடந்துகொள்ளும் முறையை ஆராயும் துறை
அடைப்பு – வேலியிட்டு மூடிய இடம்
முழக்கம் – பெருங்குரல்
சாரணர் – முன்சென்று அறிந்து வருபவர்
கைம்மாறு – பெற்ற உதவிக்குத் திரும்பச் செய்யும் உதவி
வலசை – பருவத்திற்கேற்ப இடம்பெயர்தல்
கொடுக்கு – தேள், தேனீ முதலியவற்றின் நச்சு உறுப்பு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. டேவிட் மெக் ஓநாய்களை அருகிலிருந்து கவனித்த இடம் ______ தீவு.
2. யானை தேசிய மரபு விலங்காக அறிவிக்கப்பட்ட ஆண்டு ______.
3. தேனீயின் நடன மொழியைப் படித்தறிந்தவர் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. காட்சிச் சாலை ஓநாய்களிடையே மோதல் எழுந்தது ஏன்?
2. அணிவகுப்பில் முன் செல்லும் பறவை மிகுதியாக உழைக்க நேர்வது எதனால்?
3. எந்த மீர்கட் காவலுக்கு ஏறுகிறது?

இ. ஒரு பத்தியில் விடையளிக்க.
1. தரங்கிரே வறட்சியில் முதிய யானைகளால் விளைந்த நன்மையை விளக்குக.
2. தேனீக் கூட்டம் புதிய வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் படிப்படியாக எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
முதலடி, ஒன்றல்ல, அவ்வுயரம், நல்லதல்லாத

உ. சிந்தித்து எழுதுக.
'இயற்கையில் இருப்பதனாலேயே ஒரு செயல் பின்பற்றத் தக்கது ஆகிவிடாது.' இக்கருத்தைப் பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டுடன் விளக்குக.

ஊ. செயல்பாடு
வீட்டருகே காணும் காக்கை, எறும்பு, நாய், மைனா ஆகியவற்றுள் ஒன்றின் கூட்டத்தை ஏழு நாள்கள் ஒரே நேரத்தில் கவனிக்க. கண்டதை மட்டும் குறிப்பேட்டில் எழுதுக. கருதியதைத் தனிப் பக்கத்தில் எழுதுக. இரண்டையும் ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.